அமெரிக்காவில் வர்க்கமும் அந்தஸ்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘உழைத்தால் யார் வேண்டுமானாலும் மேலே வந்துவிடலாம்’ என்பார் ஒருவர். ‘அங்கே எல்லாமே பணம்தான்’ என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்களும் செய்தி படிக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். மாளிகை, கார், கைப்பை என்று கண்ணில் படுவதைவிட, ஒரு குடும்பம் எந்தத் தெருவில் வீடு பிடிக்கிறது என்பதுதான் அங்கே வர்க்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோகிறது என்பது என் முடிவு. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

ராஜா, ஜமீன் எதுவுமே இல்லாத நாடு. அங்கே வர்க்கம் எப்படி வந்தது?

பட்டங்கள் இல்லை என்பது சரி. அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் தரக்கூடாது என்று 1787-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதே சட்டம் அடிமை முறையை ஒழிக்கவில்லை. தெற்கே பருத்தித் தோட்டக்காரர்களின் சொத்துக் கணக்கில் நிலத்தோடு மனிதர்களும் இருந்தார்கள். 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் மேற்கு நிலங்களைக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்தது. அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகள் விரட்டப்பட்டார்கள். எல்லோரும் வெறுங்கையோடு தொடங்கினார்கள் என்ற பேச்சு அப்போதே உண்மையில்லை.

‘ஓல்டு மணி’, ‘நியூ மணி’ என்கிறார்களே, அது என்ன சண்டை?

பரம்பரைப் பணத்துக்கும் புதுப் பணத்துக்கும் நடந்த சண்டை. அதைப் புரிந்துகொள்ள 1880களின் நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். ரயில், எஃகு, எண்ணெய் ஆகிய மூன்றும் அதுவரை யாரும் பார்க்காத அளவுக்குப் பணத்தைக் கொட்டிய காலம். கார்னீலியஸ் வாண்டர்பில்ட் படகோட்டியாகத் தொடங்கி, கப்பல், ரயில் என்று வளர்ந்து, 1877-இல் இறந்தபோது சுமார் 10 கோடி டாலர் விட்டுச் சென்றார். அவருடைய மகன் எட்டே ஆண்டுகளில் அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார். இவ்வளவு இருந்தும் ஊரின் பழைய குடும்பங்கள் அவர்களை வீட்டு விருந்துக்கு அழைக்கவில்லை.

அந்தப் பழைய கூட்டத்துக்குத் தலைவி கரோலின் ஆஸ்டர். யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்பதை அவரும் அவருக்கு வலதுகையாக இருந்த வார்டு மெக்காலிஸ்டரும் தீர்மானித்தார்கள். நியூயார்க்கில் கணக்கில் எடுக்கத்தக்கவர்கள் நானூறு பேர்தான் என்பது மெக்காலிஸ்டரின் கணக்கு. இந்தக் கதவைத் திறந்தவர் வாண்டர்பில்ட் வீட்டு மருமகள் ஆல்வா. ஐந்தாம் அவென்யூவில் கட்டிய புது மாளிகையில் 1883 மார்ச் 26 இரவு அவர் ஒரு மாறுவேட விருந்து வைத்தார். ஆஸ்டர் அம்மாளின் மகளும் தோழிகளும் அதற்காக நடனம் பழகிக்கொண்டிருந்தார்களாம். ‘உன் அம்மா என் வீட்டுக்கு வந்ததே இல்லையே, நான் எப்படி உன்னை அழைப்பது?’ என்று ஆல்வா சொல்லி அனுப்ப, ஆஸ்டர் அம்மாள் வேறு வழியில்லாமல், பழக்கத்தை ஏற்றுக்கொண்டதற்கு அக்கால அடையாளமான தன் பெயர் அட்டையை அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பியதாகக் கதை. ஆல்வாவின் ஓரகத்தி ஆலிஸ் அந்த விருந்துக்கு ‘மின்விளக்கு’ வேடத்தில் வந்தார். தங்க நிறப் பட்டு உடை, கையில் உயர்த்திப் பிடித்த விளக்கு. நியூயார்க்கில் மின்சாரம் அப்போதுதான் எட்டிப்பார்த்திருந்தது. அந்த உடையை இன்றும் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வருகிறார்கள்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பழைய இசை அரங்கில் தனி இருக்கை மாடங்கள் பழைய குடும்பங்களின் கையில் இருந்தன. எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதியவர்களுக்கு இடமில்லை. அதனால் அவர்கள் தங்களுக்கென்று மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா என்ற புது அரங்கைக் கட்டிக்கொண்டார்கள்.

கோடையில் அவர்கள் போவது கடற்கரை ஊரான நியூபோர்ட். அங்கே ஆலிஸும் கணவரும் 1895-இல் கட்டி முடித்த ‘பிரேக்கர்ஸ்’ மாளிகைக்கு 70 அறைகள். அது வருடத்தில் சில வாரங்களுக்கான வீடு. அதே 1895-இல் ஆல்வா தன் மகள் கன்சுவேலோவை இங்கிலாந்தின் மார்ல்பரோ டியூக்குக்குக் கட்டிவைத்தார். மாப்பிள்ளைக்கு 25 லட்சம் டாலர் பெறுமான ரயில்வே பங்குகள். பெண்ணுக்கு வயது 18, விருப்பம் துளியும் இல்லை. தாய் வற்புறுத்தித்தான் நடந்தது என்பது பின்னாளில் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கும்போது வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. சொந்த நாட்டுச் சட்டம் தராத பட்டத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க ஒரு பெண்ணின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்தார்கள். இந்தக் காலத்தை அழகான உடைகளும் மாளிகைகளுமாக மட்டும் காட்டும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பந்தாவுக்காகச் செலவு செய்வதை முதலில் ஆராய்ந்தவர் யார்?

தார்ஸ்டீன் வெப்லென். நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பொருளின் பயனுக்காக அல்லாமல், ‘என்னால் முடியும்’ என்று பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்யும் செலவைப் பற்றி 1899-இல் எழுதினார். சும்மா இருப்பதும், வேலைக்கு ஒத்துவராத உடை போடுவதும்கூட அந்தஸ்தைக் காட்டும் வழிகள் என்பது அவர் கவனித்த விஷயம். இன்றும் விலை ஏற ஏற மவுசு கூடும் பொருளைப் பொருளியலாளர்கள் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

மாளிகைக்காரர்கள் சரி. சாதாரணக் குடும்பங்களுக்கு இந்தப் போட்டி எப்படி வந்தது?

கார் வழியாக வந்தது என்றே சொல்லலாம். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வந்தது, 1920களின் நடுவில் அதன் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ஊரெல்லாம் ஒரே வண்டி என்றால் யார் மேல், யார் கீழ் என்று எப்படித் தெரியும்? ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். கீழ்ப்படியில் செவ்ரோலே, அப்புறம் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், உச்சியில் காடிலாக். சம்பளம் உயர உயர வண்டியும் மாற வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. கையில் காசில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று 1919-லேயே அந்த நிறுவனம் தவணைக் கடனுக்கெனத் தனி நிறுவனம் தொடங்கிவிட்டது.

பிறகு பணத்துக்குப் பதில் நீட்டும் அட்டைகள். 1950-இல் டைனர்ஸ் கிளப். அதன்பின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டை 1966-இல் தங்க நிறத்திலும், 1984-இல் பிளாட்டினத்திலும், 1999-இல் கருப்பிலும் வந்தது. பணம் கொடுக்கும் அட்டையின் நிறமே ஆளின் இடத்தைச் சொல்லத் தொடங்கியது.

அமெரிக்கர்களைக் கேட்டால் எல்லோரும் ‘மிடில் கிளாஸ்’ என்கிறார்களாமே?

ஏறக்குறைய அப்படித்தான். கருத்துக்கணிப்புகளில் தன்னை மேல்தட்டு என்று சொல்லிக்கொள்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நாட்டின் மொத்தக் குடும்பச் சொத்தில் சுமார் 30 சதவீதம் மேலே உள்ள ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது, கீழ்ப்பாதி மக்கள் அனைவரிடமும் சேர்த்து இருப்பது 3 சதவீதம்கூட இல்லை. தங்கள் இடம் உழைப்பால் மட்டுமே வந்தது என்று நம்புகிறவர்களுக்குத் தங்களை மேல்தட்டு என்று சொல்ல வாய் வராது.

அந்த நடுத்தர வர்க்கம் எப்போது உருவானது?

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, அரசின் கை பலமாகப் பின்னால் நின்றதால். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிப் படிப்பும் சுலபமான வீட்டுக் கடனும் கொடுத்தது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் வில்லியம் லெவிட் 1947 முதல் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வீடுகளைக் கட்டி விற்றார். 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். தொழிற்சாலைத் தொழிலாளியும் அதை வாங்க முடிந்தது. ஆனால் லெவிட்டவுன் என்ற அந்தக் குடியிருப்பின் வீட்டு ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. கறுப்பர்கள் வசிக்கும் பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் தர மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகமும் மறுத்தது. வீடு விற்பதில் இன பேதம் பார்ப்பதைச் சட்டம் தடை செய்தது 1968-இல்தான்.

அந்த இருபது ஆண்டுகள் ஏன் முக்கியம் என்றால், சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் பெரிய சொத்து வீடுதான். அப்போது வாங்கியவரின் வீடு பல மடங்கு விலை ஏறி, பிள்ளையின் கல்லூரிச் செலவாகவும் பேரனின் வீட்டு முன்பணமாகவும் மாறியது. வாங்க விடாமல் தடுக்கப்பட்டவர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். 2022-இல் மத்திய வங்கி எடுத்த கணக்கின்படி, சொத்து வரிசையில் சரி நடுவில் வரும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர், அதேபோல் நடுவில் வரும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து சுமார் 45,000 டாலர்.

வீடு எங்கே இருக்கிறது என்பதற்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

பள்ளிக்கூடம்தான் காரணம். அமெரிக்க அரசுப் பள்ளிகளின் செலவில் பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் வரி அதிகம், பள்ளிக்குப் பணம் அதிகம். பள்ளி நன்றாக இருப்பதால் அங்கே வீட்டு விலை இன்னும் ஏறும். விலை ஏறினால் குறைந்த வருமானக்காரர் உள்ளே வரவே முடியாது. போதாக்குறைக்கு, ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டுமே கட்டலாம், மனை இத்தனை அளவுக்குக் குறையக்கூடாது என்றெல்லாம் பல ஊர்களில் விதி வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடி வராது, வாடகைக்காரர்கள் வரமாட்டார்கள். அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கான கட்டணம் வீட்டு விலையிலேயே அடங்கிவிடுகிறது.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் நடந்ததைப் பாருங்கள். ஒரே நகர வட்டாரத்தில் இரண்டு பள்ளி மாவட்டங்கள், அதாவது தனித்தனியாக வரி வாங்கி அரசுப் பள்ளிகளை நடத்தும் பகுதிகள். எட்ஜ்வுட், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் ஏழைப் பகுதி. அலமோ ஹைட்ஸ், வசதியானவர்கள் வாழும் பகுதி. 1967-68 கல்வி ஆண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் என்று வரி கட்டினார்கள். அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். அவர்களுக்குக் கிடைத்தது மாணவருக்கு 333 டாலர். அதிக விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குத்தான் குறைவு!

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். தகுதியான ஆசிரியர்கள் இல்லை, கட்டடம் இடிந்து கிடக்கிறது என்பது அவர்கள் புகார். பெற்றோர்களில் ஒருவரான டெமெட்ரியோ ராட்ரிகஸ் பெயரில் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1973-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. கல்வி என்பது மத்திய அரசியல் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். பிறகு டெக்சாஸ் மாநில நீதிமன்றம் 1989-இல் எட்ஜ்வுட் பக்கம் நின்றது, பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கு ஏழை மாவட்டங்களுக்குப் போகும்படி சட்டமும் வந்தது. ஆனாலும் 1973 தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அமெரிக்க வர்க்கத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த வழக்கைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

பெரிய பல்கலைக்கழகங்களில் தகுதிக்குத்தானே இடம்?

தகுதி வேண்டும், அதோடு வேறு சிலவும் கைகொடுக்கும். மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும், ஹார்வர்டு போன்ற உச்சிக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல் ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2023-இல் பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். பெற்றோர் அங்கே படித்தவர்கள் என்பதற்கான சலுகை, வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளுக்கான இடங்கள், படிப்புக்கு வெளியேயான ‘ஆளுமை’ மதிப்பீடு ஆகியவைதான் காரணம். இதில் ஒரு பழைய கறையும் உண்டு. 1920களில் மதிப்பெண்ணை வைத்தே யூத மாணவர்கள் அதிகமாக உள்ளே வந்தபோது, அவர்களைக் குறைக்கத்தான் ஹார்வர்டு ‘குணம்’, குடும்பப் பின்னணி, புகைப்படம் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தது.

2019-இல் வெளியான ஊழலில், பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகப் பொய்யாகக் காட்டவும் தேர்வில் மோசடி செய்யவும் நடிகர்களும் முதலாளிகளும் ஓர் இடைத்தரகருக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். கட்டடம் கட்டப் பெரிய நன்கொடை கொடுத்துவிட்டுப் பிள்ளையைச் சேர்ப்பது மட்டும் குற்றமில்லை.

பெரும் பணக்காரர்கள் எளிமையாக இருக்கிறார்களே?

சிலர் இருக்கிறார்கள். முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1958-இல் 31,500 டாலருக்கு வாங்கிய ஒமாஹா நகர வீட்டை விடவில்லை. வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டன் பழைய ஃபோர்டு பிக்கப் வண்டியில்தான் போய்வந்தார். அந்த எளிமை நல்லதுதான். ஆனால் இடம் உறுதியாக இருப்பவருக்குத்தான் பழைய சட்டை பாதுகாப்பானது. அதே சட்டையோடு ஒரு துப்புரவுத் தொழிலாளி விலையுயர்ந்த கடைக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவார். பல கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைகளை நன்றாக உடுத்தி வெளியே அனுப்புவது வீண் ஆடம்பரத்துக்காக இல்லை, சந்தேகப் பார்வைக்குத் தப்புவதற்காக.

அப்படியானால் உடையை வைத்து வர்க்கத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?

பல்லைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் உண்மை. வசதியான வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் பல் வரிசைக்குக் கம்பி போட்டுவிடுவார்கள், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் வழக்கமான பல் வைத்தியம் சேராது. ஏழைகளுக்கான காப்பீட்டில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் உண்டு, அதை ஏற்கும் மருத்துவர் கிடைப்பதுதான் கஷ்டம். 2007-இல் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்குப் பரவி இறந்தான். 80 டாலரில் பல்லைப் பிடுங்கியிருந்தால் பிழைத்திருப்பான். மூளை அறுவை சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர்.

டிப்ஸ் கொடுப்பதும் அந்தஸ்து காட்டுவதா?

கொடுப்பவருக்கு அப்படித் தோன்றலாம். வாங்குபவருக்கு அது சம்பளம். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-க்குப் பிறகு அது உயரவில்லை. அதற்கு மேல் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. தயவுசெய்து குறைக்காமல் கொடுங்கள்.

பணக்காரர்கள் நிறைய நன்கொடை கொடுக்கிறார்களே, அதைப் பாராட்ட வேண்டாமா?

பாராட்டலாம், முழுக் கணக்கையும் பார்த்துவிட்டு. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி உலகமெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். அவற்றில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த அதே கார்னெகியின் ஆலையில் 1892-இல் கூலியைக் குறைத்து, சங்கத்தை உடைக்கத் துப்பாக்கி ஏந்திய தனியார் காவலர்களை இறக்கியபோது இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஆட்கள் அங்கே நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்தார்கள். வேலை முடிந்து எந்த நேரத்தில் நூலகத்துக்குப் போவது?

பெயர் பொறித்த கட்டடம், இருக்கை என்று நன்கொடைக்கு ஈடாகக் கௌரவம் தருவதும் அங்கே பழைய வழக்கம். நமக்கு நேரடியாகத் தெரிந்த உதாரணம் ஹார்வர்டு தமிழ் இருக்கை. அங்கே வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி, தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்து, உலகெங்கும் எளியவர்களும் சிறுகச் சிறுகக் கொடுத்து 60 லட்சம் டாலர் சேர்ந்தது.

அங்கே போன இந்தியர்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் மேலே போனார்கள்?

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும் பின்னால் வந்த எச்1பி விசாவும் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களையே சலித்து எடுத்தன. வந்தவர்கள் முதலில் தேடியது நல்ல பள்ளி மாவட்டம். கலிஃபோர்னியாவின் கூபர்டினோவிலும் டெக்சாஸின் பிளேனோவிலும் நம்மவர் கூட்டமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊரில் இருந்த சாதியையும் சிலர் கூடவே கொண்டுபோனார்கள். அதனால்தான் சியாட்டில் நகரம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இன்றும் ஒரு ஏழைக் குழந்தை மேலே வர முடியுமா?

முடியும், முன்பைவிடக் கடினம். 1940-இல் பிறந்தவர்களில் 10-க்கு 9 பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-இல் பிறந்தவர்களில் அது பாதிப் பேர்தான். ஊருக்கு ஊரும் வித்தியாசம். 2014-இல் வந்த ஆய்வின்படி, அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தை மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்குப் போகும் வாய்ப்பு கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் சுமார் 13 சதவீதம், வட கரோலினாவின் சார்லட்டில் 4.4 சதவீதம்.

தெரு மாறினால் என்ன ஆகும் என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990களில் நியூயார்க், சிகாகோ உள்ளிட்ட ஐந்து நகரங்களில், அரசு அடுக்ககங்களில் இருந்த ஏழைக் குடும்பங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். 13 வயதுக்குள் அப்படிக் குடிமாறிய பிள்ளைகள் இருபத்தைந்து வயதையொட்டி மற்றவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

சரி, வாடகை உதவி கிடைத்தும் பலர் ஏன் பழைய பகுதியிலேயே இருந்துவிடுகிறார்கள்? சியாட்டில் வட்டாரத்தில் 2018 முதல் இதைப் பார்த்தார்கள். வீடு தேடக் கூட ஒரு ஆள், வீட்டுக்காரரிடம் பேசத் துணை, முன்பணத்துக்குக் கொஞ்சம் பணம், இவ்வளவுதான் புதிதாகக் கொடுத்தார்கள். இந்தத் துணை இல்லாத குடும்பங்களில் நல்ல பகுதிக்குப் போனவை நூற்றுக்கு 15. துணை கிடைத்தவற்றில் 53.